ரெண்டரை கிலோ பொமரேனியன், வயிற்றில் ஒரே குட்டி. சுகப்பிரசவம் ஆகுமா?

மொட்டைமாடி_ஈரோடு:
எங்கள் ரோஸிக்கு மூன்று வயது, எடை ரெண்டரை கிலோதான். பக்கத்து வீட்டு ஸ்பிட்ஸ் கேட் இடுக்கில் நுழைந்து வந்து க்ராஸ் ஆகிவிட்டது, அவன் எட்டு கிலோவாவது இருப்பான். இன்று 52ஆம் நாள். ஸ்கேனில் ஒரு குட்டிதான் தெரிகிறதாம். ஒற்றைக் குட்டி என்றால் பெரிதாகி இடுப்பில் மாட்டிக்கொள்ளும் என்கிறார்கள். சாப்பாட்டைக் குறைத்தால் குட்டி சின்னதாகவே இருக்கும் என்று மாமியார் சொல்கிறார், செய்யலாமா? கால்சியம் டானிக் வேறு வாங்கி வைத்திருக்கிறேன்.

நாலுகால்_நண்பன்:
சாப்பாட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். குட்டிக்கு முன்னால் தாய்தான் இளைப்பாள், அப்புறம் முக்க வேண்டிய நேரத்தில் தெம்பு இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து வேளை கொடுங்கள். டானிக்கை இப்போது மூடி வையுங்கள். சினையாக இருக்கும்போதே கால்சியம் ஊற்றினால், எலும்பிலிருந்து அதை எடுத்துக்கொள்ளும் வேலையை உடம்பு மெத்தனமாக விட்டுவிடும். குட்டி போட்டு, பால் சுரப்பு உச்சத்துக்கு வரும் இரண்டு மூன்று வாரத்தில் ரத்தத்தில் கால்சியம் இறங்கி நடுக்கம், வலிப்பு வரும். சின்ன ஜாதி நாய்களுக்குத்தான் இது அதிகம்.

பக்_அம்மா:
தகப்பன் எட்டு கிலோ என்பதை விட, வயிற்றில் பங்குக்கு ஆள் இல்லை என்பதுதான் எனக்குக் கவலை. இன்னொன்று, பிரசவம் தொடங்க சமிக்ஞை குட்டியிடமிருந்துதான் போகிறது. ஒன்றே ஒன்று என்றால் அது பலவீனமாக இருந்து வலியே வராமல் போகலாம். என் பக் நாய்க்கு அப்படித்தான் ஆனது. தானாக நடக்கும் என்று எல்லோரும் சொன்னதைக் கேட்டு நாள் தாண்டியும் உட்கார்ந்திருந்தேன், சிசேரியன் செய்தபோது குட்டி உயிரோடு இல்லை. க்ராஸ் ஆன தேதியை மட்டும் நம்பாதீர்கள், கரு முட்டை வெளியான நாளிலிருந்து எண்ணினால்தான் 63 நாள் கணக்கு சரியாக வரும். 55ஆம் நாளுக்கு மேல் எக்ஸ்ரே எடுங்கள். எத்தனை குட்டி என்பதை ஸ்கேனை விட அது சரியாகச் சொல்லும், குட்டியின் தலையையும் தாயின் இடுப்பையும் டாக்டர் ஒப்பிட்டும் பார்ப்பார். சிசேரியன் என்றால் முன்கூட்டியே பகலில் வைத்துக்கொள்வது நல்லது, ராத்திரி இரண்டு மணிக்கு டாக்டரைத் தேடி அலைந்தவள் சொல்கிறேன்.

நாலுகால்_நண்பன்:
கடைசி வாரம் காலை மாலை ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 37.2 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வலி வரும், வராவிட்டால் டாக்டருக்கு போன் போடுங்கள். அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை, இல்லை குட்டி வருவதற்கு முன்பே கரும்பச்சையாக நீர் வடிகிறது என்றால் உடனே வண்டியை எடுங்கள். வீட்டுக்கு வந்து வலி வரவைக்கும் ஊசி போடுகிறேன் என்று ஒருவர் கிளம்புவார், விடவே கூடாது. குட்டி அடைத்துக்கொண்டிருக்கும்போது அந்த ஆக்ஸிடோசின் ஊசியைப் போட்டால் கர்ப்பப்பை கிழியலாம்.

மொட்டைமாடி_ஈரோடு:
சனிக்கிழமை எக்ஸ்ரேவுக்கு நேரம் வாங்கிவிட்டேன். இங்கே ராத்திரியில் யாரும் இல்லாவிட்டால் நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்குத்தான் போக வேண்டும், அங்கே இரவில் பார்ப்பார்களா என்று நாளைக்கே விசாரிக்கிறேன். மாமியாரிடம் சொன்னேன், இன்று ரோஸிக்கு ஒரு முட்டை கூடுதலாகக் கிடைத்தது.