ஏ.டி.எச்.டி. (கவனச் சிதறல், அதீத இயக்கக் குறைபாடு) உள்ள பெரியவர்களுக்கு தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஒரு குழு நடத்த முடியுமா?

பாலக்கோடு தையல் கடை:
வணக்கம். பாலக்கோட்டில் வீட்டோடு சேர்ந்தாற்போல தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 38. போன வருடம்தான் பெங்களூரில் ஒரு மருத்துவர் எனக்கு ஏ.டி.எச்.டி. என்று உறுதியாகச் சொன்னார். மாத்திரை சாப்பிடுகிறேன், மனசு கொஞ்சம் நிலைக்கிறது. ஆனால் வேலையை முடிக்கும் பழக்கத்தை மாத்திரை கொடுத்துவிடாதே. ஊக்கு வைத்தால் போதும் என்கிற நிலையில் பிளவுஸ்கள் குவிந்து கிடக்கும். நூல் கண்டு எடுக்க எழுந்து போனால், மாடியில் துணி மடித்துக்கொண்டு நிற்பேன். முகூர்த்த மாதத்தில் கண்ணீரே வந்துவிடும்.

என்னைப் போன்றவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். அமெரிக்காவில் ஏ.டி.டி.ஏ. என்ற அமைப்பு பெரியவர்களுக்காகவே இணையத்தில் குழுக்கள் நடத்துகிறது. ஆனால் பேச்சு ஆங்கிலம், நேரமும் அவர்கள் நேரம். இங்கே தெரிந்தவர்கள் நான்கைந்து பேர் இருக்கிறோம். எங்கே கூடுவது, என்ன செய்வது? சின்ன ஊர். யாராவது பார்த்து ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று எல்லோருக்கும் பயம்.

ஓசூர் ஷிப்ட்காரன்:
அக்கா, தாராளமாக ஆரம்பியுங்கள். இங்கே சிப்காட்டில் வேலை செய்கிற சிலர் ஞாயிறு காலையில் கூடுகிறோம். முதலில் வெறுமனே பேசினோம். புலம்பல்தான் மிஞ்சியது, வீட்டுக்குப் போகும்போது இன்னும் பாரமாக இருந்தது. இப்போது கொஞ்ச நேரம் பேச்சு, அப்புறம் அவரவர் தள்ளிப்போட்ட வேலையைக் கொண்டுவந்து அங்கேயே செய்வது. பக்கத்தில் ஒரு ஆள் சும்மா இருந்தாலே நமக்கு வேலை ஓடும். ‘பாடி டபுளிங்’ என்பார்கள். எங்களில் ஒருவர் ஒரு மஞ்சள் பை நிறைய பிரிக்காத தபால் கொண்டுவந்தார். வங்கி, இன்சூரன்ஸ், சீட்டுக் கம்பெனி, எல்லாம் கலந்து. பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒன்றையும் படிக்கவில்லை, கத்தரியை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தார். மதியத்துக்குள் பை காலி. அந்த அண்ணன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

பேசும் நேரத்துக்கு டைமர் வையுங்கள், ஆளுக்கு மூன்று நிமிடம். நமக்கெல்லாம் குறுக்கே பேசாமல் இருக்க முடியாது. தாமதமாக வந்தவரை ஏன் என்று கேட்கக் கூடாது, பள்ளிக்கூடத்திலிருந்தே நம்மிடம் எல்லோரும் கேட்ட கேள்வி அது. வாட்ஸ்அப்பில் நினைவூட்டினால் பார்க்க மாட்டார்கள், காலையில் ஒருவர் போன் போட்டுவிட வேண்டும். மாத்திரையை மட்டும் யாரும் கைமாற்றவே கூடாது. ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கவே கூடாத மருந்து, ஒருவருக்கு ஒத்துக்கொண்ட அளவு இன்னொருவருக்கு ஆகாது.

கிருஷ்ணகிரி செவிலியர்:
தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ரீல்ஸ் பார்த்துவிட்டு ‘எனக்கும் இருக்கு’ என்று வருவார்கள். அவர்களை விரட்ட வேண்டாம், ஆனால் பரிசோதிக்கச் சொல்லுங்கள். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் சில இருந்திருக்க வேண்டும் என்பது முக்கியமான அளவுகோல். தூக்கக் கேடு, தைராய்டு, மனச்சோர்வு இவையும் இதே மாதிரி தோன்றும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மனநலப் பிரிவில் கேட்கலாம். யாராவது உயிரை விடும் பேச்சு பேசினால் குழுவே தாங்கிக்கொள்ளப் பார்க்காதீர்கள். அவரைத் தனியாக விடாமல் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மனஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

பென்னாகரம் வாசகர்:
என் மனைவிக்கு இது இருக்கிறது. எப்போதாவது ஒருநாள் வீட்டுக்காரர்களையும் கூப்பிடுங்கள் சகோதரி. மறப்பது அலட்சியம் இல்லை என்று எனக்குப் புரியவே பல வருடம் ஆனது. மற்றவர் வாயால் கேட்டிருந்தால் சீக்கிரம் புரிந்திருக்கும்.

பாலக்கோடு தையல் கடை:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஞாயிறு என் கடை விடுமுறை, அங்கேயே கூடலாம் என்று தோன்றுகிறது. தையல் கடைக்கு வருகிறவரை யாரும் ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டார்கள். ஆனால் இரண்டு பேர் ஆண்கள், நான் தைப்பது லேடீஸ் மட்டும். மெஷின் சத்தம் மற்றவர்களுக்கு இடைஞ்சலாகுமா?

ஓசூர் ஷிப்ட்காரன்:
சிலருக்குச் சத்தம் இருந்தால்தான் வேலை ஓடும், சிலருக்கு ஆகவே ஆகாது. முதல் நாளே கேட்டுவிடுங்கள் அக்கா. ஆண்களுக்கு பேன்ட் ஆல்டரேஷன் செய்வீர்கள்தானே? அது போதும்.