எஸ்3 பக்கெட்டில் உள்ள படங்களைப் பட்டியலிட்டால் வேலூர் மட்டும் வருவதே இல்லை, உதவுங்கள்

நடுகல்_தேடி (சத்துவாச்சாரி, வேலூர்):

வணக்கம். நானும் நண்பர்கள் மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய வடஆற்காடு மாவட்டத்து ஊர்களுக்குப் போய் நடுகற்களையும் கல்வெட்டுகளையும் படம் எடுத்துச் சேர்த்து வருகிறோம். ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் சாய்ந்து கிடக்கும் கற்கள். அடுத்த வருடம் போனால் அதே இடத்தில் இருக்குமா என்று சொல்ல முடியாது. அதனால் எடுத்த படங்களை அன்றைக்கே அமேசானின் இணையச் சேமிப்பகமான எஸ்3-இல், மும்பை ரீஜனில் வைத்திருக்கும் ஒரே பக்கெட்டில் (நமக்கென ஒதுக்கிய சேமிப்பிடம்) ஏற்றிவிடுவோம். கீ, அதாவது எஸ்3-இல் ஒவ்வொரு படத்தின் முழுப் பெயர், 'ஊர்/தேதி/பட எண்' என்று தமிழிலேயே இருக்கும்.

இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு அட்டவணை தயாரிக்கலாம் என்று பைத்தானில், எஸ்3-க்கான போட்டோ3 லைப்ரரியை வைத்து லிஸ்ட் ஆப்ஜெக்ட்ஸ் வி2 என்ற பட்டியல் கட்டளையை அழைத்தேன். எங்கள் நோட்டுக் கணக்குப்படி 14,000 படங்களுக்கு மேல் இருக்க வேண்டும். வருவது சரியாக 1000. ஆம்பூர் முழுதாக வருகிறது, ஆரணி பாதியில் நிற்கிறது, அதோடு சரி. ஆற்காடு இல்லை, குடியாத்தம் இல்லை, வேலூரில் ஒரு படம்கூட இல்லை. ஆனால் கன்சோலில் பார்த்தால் வேலூர் ஃபோல்டர் இருக்கிறது, படங்களும் திறக்கின்றன.

மேக்ஸ் கீஸ் 20,000 என்று கொடுத்துப் பார்த்தேன், அதே 1000. ப்ரீஃபிக்ஸில் (கீ எப்படித் தொடங்க வேண்டும் என்பது) '/வேலூர்/' என்று கொடுத்தேன், பதிலில் படப் பட்டியல் இருக்கும் கன்டென்ட்ஸை எடுக்கும் வரியில் பைத்தானின் கீ எரர் வந்து நின்றுவிட்டது. ஏற்றும்போது ஏதாவது தொலைந்துவிட்டதா என்ற பயம்தான் பெரிதாக இருக்கிறது. திரும்பப் போய் எடுக்க முடியாத கற்களும் அதில் உண்டு.

பாலாற்றங்கரை:

படம் எதுவும் தொலையவில்லை, முதலில் நிம்மதியாக இருங்கள். எஸ்3 ஒரு அழைப்புக்கு அதிகபட்சம் 1000 கீதான் திருப்பித் தரும். மேக்ஸ் கீஸை வைத்து அதைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. மிச்சம் இருக்கிறது என்பதை அந்தப் பதிலே சொல்கிறது. அதில் ஈஸ் ட்ரங்கேட்டட் என்பது ட்ரூ என்று வந்திருக்கும், பக்கத்திலேயே நெக்ஸ்ட் கன்டினியூவேஷன் டோக்கன் என்று ஒரு நீளமான சரம் இருக்கும். அடுத்த அழைப்பில் அந்தச் சரத்தைக் கன்டினியூவேஷன் டோக்கனாகக் கொடுத்தால், விட்ட இடத்திலிருந்து அடுத்த 1000 வரும். ட்ரங்கேட்டட் ஃபால்ஸ் ஆகும் வரை சுற்ற வேண்டும். கீ கவுன்ட் என்று வரும் எண் அந்த ஒரு பக்கத்துக்கு உரியது, மொத்தக் கணக்கு அல்ல.

இதைக் கையால் எழுதத் தேவையில்லை. போட்டோ3-இல் கெட் பேஜினேட்டர் இருக்கிறது. அதற்கு லிஸ்ட் ஆப்ஜெக்ட்ஸ் வி2 என்ற பெயரைக் கொடுத்து, பேஜினேட் என்பதை ஒரு ஃபார் லூப்பில் ஓட்டினால் டோக்கனை அதுவே பார்த்துக்கொள்ளும்.

வேலூர் ஏன் வரவில்லை என்றால், உங்களுடையது போன்ற சாதாரண பக்கெட்டில் கீகள் யூடிஎஃப்-8 பைட் வரிசையில்தான் (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் எண்களின் வரிசை) வரும். ஆம்பூர், ஆரணி, ஆற்காடு, அப்புறம் குடியாத்தம், செங்கம் என்று போய்க் கடைசியில்தான் வேலூர். முதல் 1000-ஐ ஆம்பூரும் ஆரணியுமே எடுத்துக்கொண்டன. இது நம் அகராதி வரிசையும் அல்ல. யூனிகோடில் ஜ என்ற எழுத்து சகரத்துக்கு அடுத்தே நிற்பதால், ஜோலார்பேட்டை போளூருக்கு முன்னாலேயே வந்துவிடும். அட்டவணையை அச்சிடுவதாக இருந்தால் நீங்களே மறுபடி வரிசைப்படுத்த வேண்டியிருக்கும்.

கீ எரருக்குக் காரணம் முதலில் போட்ட சாய்கோடு. உங்கள் கீ எதுவும் சாய்கோட்டில் தொடங்கவில்லை, அதனால் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. எதுவும் பொருந்தாதபோது பதிலில் கன்டென்ட்ஸ் என்ற பகுதியே இருக்காது. அதை கெட் போட்டு, இல்லையென்றால் காலிப் பட்டியல் என்று எடுங்கள்.

நடுகல்_தேடி:

அண்ணா, மிக்க நன்றி! பேஜினேட்டர் போட்டதும் 15 பக்கங்களாக 14,212 படங்கள் வந்தன. வேலூர் மட்டும் 1,893. கோட்டைப் படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

ஆனால் இன்னொரு சிக்கல். ஊர் ஊராக எடுக்கலாம் என்று ப்ரீஃபிக்ஸில் 'போளூர்/' கொடுத்தால் 61 படங்கள்தான் வருகின்றன. நோட்டில் 347 என்று இருக்கிறது. சோளிங்கரிலும் இதே மாதிரி குறைகிறது. பேஜினேட்டரோடுதான் ஓட்டினேன், சாய்கோட்டையும் சரிபார்த்துவிட்டேன். வேலூர், ஆரணி, செங்கம் கணக்கு நோட்டோடு அப்படியே பொருந்துகிறது.

காட்பாடி_ஜங்ஷன்:

பர்மிஷனைப் பாருங்கள். எஸ்3 லிஸ்ட் பக்கெட் அனுமதியைப் பக்கெட்டின் ஏஆர்என் (அமேசானில் அதன் முழு அடையாளப் பெயர்) மேல் கொடுக்க வேண்டும். பலரும் பின்னால் சாய்கோடும் நட்சத்திரமும் போட்டு உள்ளே இருக்கும் பொருள்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இல்லையென்றால் புதிதாக ஏற்றிய படங்கள் பட்டியலுக்கு வரக் கொஞ்ச நேரம் ஆகலாம்.

பாலாற்றங்கரை:

அனுமதி தவறாக இருந்தால் அக்சஸ் டினைடு என்று மொத்தமாக மறுத்துவிடும் தம்பி, 347-இல் 61 என்று பிரித்துக் கொடுக்காது. நேர இடைவெளியும் பழைய கதை. 2020 டிசம்பரிலிருந்து எஸ்3-இல் ஏற்றி முடித்த அடுத்த நொடியே பட்டியலில் வந்துவிடும்.

நடுகல்_தேடி, ஒன்று செய்யுங்கள். ப்ரீஃபிக்ஸ் எதுவும் கொடுக்காமல், டிலிமிட்டராக, அதாவது பிரிக்கும் குறியாக, சாய்கோட்டைக் கொடுத்து ஓட்டுங்கள். படங்களுக்குப் பதிலாக காமன் ப்ரீஃபிக்ஸஸ் என்ற பகுதியில் ஊர்ப் பெயர்கள் மட்டும் வரும். ஒவ்வொரு பெயரோடும் அதன் லென் எண்ணையும் (பெயரில் எத்தனை குறியீடுகள் என்ற நீளம்) அச்சிட்டு இங்கே போடுங்கள்.

நடுகல்_தேடி:

போளூர் இரண்டு முறை வருகிறது! ஒன்றின் நீளம் 7, இன்னொன்றின் நீளம் 8. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. சோளிங்கரும் ஜோலார்பேட்டையும் இரண்டிரண்டு. மற்ற ஊர்கள் எல்லாம் ஒற்றை. பெயருக்குப் பின்னால் இடைவெளி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை.

வாலாஜா_அச்சகம்:

இரட்டையாக வரும் மூன்று ஊர்களிலும் ஓகார எழுத்து இருக்கிறதே, கவனித்தீர்களா? போ, சோ, ஜோ. நான் பல வருடமாகத் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்கிறேன், இந்தச் சிக்கலில் நிறைய அடிபட்டிருக்கிறேன். யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் 'போ'தான். ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதை. 'வே' என்பதில் கொம்பு மட்டும்தான், பின்னால் கால் கிடையாது. அதனால் வேலூர் தப்பித்தது.

உங்கள் நால்வரில் யாராவது பழைய மேக் கணினியிலிருந்து ஏற்றுகிறாரா?

நடுகல்_தேடி:

ஆமாம் ஐயா! போளூர், சோளிங்கர் பக்கம் போகும் நண்பர் பழைய மேக்புக்தான் வைத்திருக்கிறார்.

பாலாற்றங்கரை:

வாலாஜா அண்ணன் சொன்னது மிகச் சரி. பழைய மேக்கில் இருந்த எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். எஸ்3 எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டை மட்டுமே ஒப்பிடும். அதனால் இரண்டு போளூரும் அதற்கு இரண்டு வேறு பெயர்கள். நீங்கள் விசைப்பலகையில் அடித்தது 61 படங்கள் இருக்கும் போளூர்.

பைத்தானின் யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் இருக்கிறது. ஒவ்வொரு கீயையும் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவம்) மாற்றிப் பாருங்கள். மாற்றிய பெயரும் பழைய பெயரும் வேறாக இருந்தால் அந்தப் படத்தைப் புதுப் பெயருக்கு நகர்த்த வேண்டும். எஸ்3-இன் இப்படிப்பட்ட சாதாரண பக்கெட்டில் பெயர் மாற்றம் என்று தனியாக ஒன்று கிடையாது. காப்பி ஆப்ஜெக்ட் போட்டுப் பிறகு பழையதை அழிக்க வேண்டும்.

இங்கேதான் அவசரப்படக் கூடாது. இரண்டு போளூரிலும் ஒரே தேதி, ஒரே பட எண் இருந்தால், காப்பி செய்யும்போது ஏற்கெனவே இருக்கும் படத்தின் மேல் இது எழுதிவிடும், எச்சரிக்கைகூட வராது. அதனால் முதலில் வெர்ஷனிங்கை (மேலே எழுதினாலும் பழைய பிரதியை வைத்திருக்கும் வசதி) இயக்குங்கள். அப்புறம் புதுப் பெயரில் ஏற்கெனவே ஏதாவது இருக்கிறதா என்று பட்டியலை வைத்தே பாருங்கள். மோதினால் அந்தப் படத்தின் பெயர் முடிவில் ஓர் எழுத்தைச் சேர்த்து வையுங்கள். அழிப்பதை அன்றைக்கே செய்யாதீர்கள். எல்லாம் காப்பி ஆன பிறகு எண்ணிப் பார்த்துவிட்டு அழியுங்கள்.

நடுகல்_தேடி:

இன்றைக்கு இரவே உட்கார்ந்து செய்கிறேன் அண்ணா. பெயர் மாற்றத்தான் போகிறேன் என்பதால் ஒரு யோசனை. எல்லாக் கீக்கும் முன்னால் மாவட்டப் பெயரைச் சேர்த்துவிட்டால், மாவட்டவாரியாக ஒரே ப்ரீஃபிக்ஸில் எடுக்கலாம் இல்லையா?

வாலாஜா_அச்சகம்:

வேண்டாம் தம்பி. நீங்கள் படம் எடுக்கும் ஊர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1989-இல் வடஆற்காடு பிரிந்தபோது போளூரும் ஆரணியும் செங்கமும் திருவண்ணாமலைப் பக்கம் போயின. 2019-இல் வேலூர் மறுபடி மூன்றானது. ஆற்காடும் சோளிங்கரும் ராணிப்பேட்டை, ஆம்பூரும் ஜோலார்பேட்டையும் திருப்பத்தூர் என்று ஆகிவிட்டன. மாவட்டத்தைக் கீயில் எழுதி வைத்தால் இன்னொரு பிரிவினை வரும்போது ஆயிரக்கணக்கான படங்களைக் காப்பி செய்து அழிக்க வேண்டும். எந்த ஊர் எந்த மாவட்டம் என்பதைத் தனி விரிதாளில் வையுங்கள், அங்கே ஒரு வரியை மாற்றினால் போதும். பழைய கல்வெட்டுத் தொகுதிகளில் எல்லாம் வடஆற்காடு என்றுதான் இருக்கும், அதற்கும் ஒரு பத்தி ஒதுக்கிவிடுங்கள்.

பாலாற்றங்கரை:

இதையே நானும் சொல்வேன். இனிமேல் ஏற்றும் நிரலிலும் அந்த என்எஃப்சி வரியைச் சேர்த்துவிடுங்கள், நண்பர் மேக்கை மாற்றத் தேவையில்லை. தேடும்போது கொடுக்கும் ப்ரீஃபிக்ஸுக்கும் அதே வரி வேண்டும்.

நடுகல்_தேடி:

முடித்துவிட்டேன். வெர்ஷனிங் போட்டு, மோதல் பார்த்து, காப்பி செய்தேன். 12 படங்கள் மோதின. பன்னிரண்டையும் திறந்து பார்த்தேன், ஒன்பது வேறு வேறு கற்கள். அப்படியே காப்பி செய்திருந்தால் அவை மறைந்திருக்கும். இரண்டு நாள் எண்ணிப் பார்த்த பிறகுதான் பழைய பெயர்களை அழித்தேன். இப்போது போளூர் ஒன்றே ஒன்று, 347 படங்கள், நோட்டோடு பொருந்துகிறது. மொத்தம் அதே 14,212. மாவட்டத்துக்கு விரிதாளில் மூன்று பத்திகள் போட்டிருக்கிறேன்: 1989-க்கு முன், 2019-க்கு முன், இப்போது.

அண்ணன்கள் இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வருகிற ஞாயிறு செங்கம் பக்கம் போகிறோம்.