லைன் சூப்பர்வைசர், செக்கிங் இன்சார்ஜ் மோதல்: எப்படிப் பேசுவது?

திருப்பூர் பனியன் கம்பெனி, தையல் செக்‌ஷன் மேனேஜர் நான். ஒரு மாதமாக லைன் சூப்பர்வைசருக்கும் செக்கிங் இன்சார்ஜுக்கும் நேர்ப் பேச்சே இல்லை. பிளாட்லாக் தையல் மெஷினில் தையல் விட்டுப்போன பீஸ்கள் செக்கிங்கிலிருந்து சாயங்காலம் மொத்தமாக லைனுக்குத் திரும்புகின்றன. ஊசி மழுங்கியதா, லூப்பர் (அடிநூலைக் கோக்கும் கொக்கி) டைமிங்கா என்று பார்ப்பதற்குள் கத்தல் ஆரம்பம்.

தனித்தனியாகப் பேசினேன், ஆளுக்கொரு நியாயம். சேர்த்து உட்காரவைத்து, யாரையும் குறை சொல்லாமல், "ரிஜெக்ட் பீஸ் மணிக்கொரு தடவை லைனுக்கு வரணும், ஒரே மெஷினில் மூன்று வந்தால் நிறுத்தி ஊசி மாத்தணும்" என்று நேராகச் சொன்னேன். சில நாள் நடந்தது, பிறகு பழையபடி.

வேர் இன்சென்டிவ்தான்: சூப்பர்வைசருக்கு எண்ணிக்கைக்குக் காசு, மெஷினை நிறுத்தினால் நஷ்டம். அது முதலாளி முடிவு, இப்போது மாறாது. ஆளை வேறு லைனுக்கு மாற்றினால் சண்டையும் கூடவே போகும்.

இன்சென்டிவைத் தொடாமல், மெஷினை நிறுத்த மறுக்கும் சூப்பர்வைசரிடம், அவர் மரியாதை கெடாமல் கறாராக என்ன சொல்லலாம்?