92ஆ 95ஆ? முந்தைய பதிவுக்கு ஒரு புதுப்பிப்பு

இலங்கையில் ஓடும் ஜப்பான் குடும்பக் கார்களுக்கு 92 ஒக்டேன் பெற்றோலே போதும் என்று எழுதியிருந்தேன். "டொயோட்டா அக்வாவின் அமுக்க விகிதம் 13.4, அதற்கு எப்படி 92 போதும்?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. பிஸ்டன் காற்றை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பதே அமுக்க விகிதம். அது கூடக்கூட பெற்றோல் நேரத்துக்கு முன் தானாகப் பற்றி எஞ்சின் தட்டப் பார்க்கும்; அதைத் தாங்கும் திறனைக் காட்டுவதுதான் ஒக்டேன் எண்.

முதல் தலைமுறை அக்வாவில் இருப்பது அட்கின்சன் முறை எஞ்சின். பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் உள்ளிழு வால்வு சிறிது நேரம் திறந்தே இருக்கும்; உள்ளே வந்த காற்றில் ஒரு பங்கு திரும்பிப் போய்விடும். அதனால் உண்மையான அமுக்கம் 13.4ஐ விட நன்றாகக் குறைவு. ஜப்பானில் இதற்கு ஊற்றுவது சாதாரண பெற்றோல். அதன் தரக்கட்டளை குறைந்தது 89தான். டேர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் ஊட்டும் கருவி) என்றாலே 95 என்பதும் சரியல்ல, டொயோட்டா ரைஸ் (Raize) 1.0 டேர்போவும் அங்கே சாதாரண பெற்றோலில்தான் ஓடுகிறது.

ஐரோப்பியக் கார் வைத்திருப்பவர்கள் டாங்க் மூடியின் உட்பக்கம் பாருங்கள். 95 என்றிருந்தால் 95தான், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். தவறி 92 அடித்துவிட்டால் பாரம் ஏற்றாமல், அக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்காமல் ஓட்டுங்கள். அரை டாங்க் ஆனதும் 95 நிரப்பினால் கலவை ஏறத்தாழ 93.5 ஆகிவிடும்.

அமெரிக்கக் கையேட்டில் 87 என்றிருந்தால் பயப்படாதீர்கள். அது வேறு அளவுமுறை. நம் கணக்கில் ஏறக்குறைய 91, 92.

92க்கான கார் கடுகண்ணாவை ஏற்றத்தில் கிணுகிணுவென்று தட்டினால், 95க்கு மாறுவதற்கு முன் ஸ்பார்க் பிளக்கின் வெப்ப எண் (அது சூட்டை எவ்வளவு வெளியேற்றும் என்பதைக் காட்டுவது), கூலன்ட் மட்டம், கரிப் படிவு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.