கையைப் பார்த்தே ஆளை அறிந்த தருணங்கள்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

பழைய பதிவறை (திரியைத் தொடங்கியவர்)

அன்பர்களுக்கு வணக்கம். இரண்டாண்டுகளுக்கு முன் என் தாயார் காலமான பிறகு கும்பகோணத்து வீட்டைக் காலி செய்தபோது, சமையலறைப் பரணில் ஒரு பிஸ்கட் டின் நிறையப் பால் கணக்கு நோட்டுகள் கிடைத்தன. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். கடிதம் எழுதும் வழக்கமும் அவருக்கு இல்லை. ஆகவே அவருடைய கையெழுத்து என்று எங்களிடம் எஞ்சியிருப்பது, காலையும் மாலையும் வாங்கிய பாலின் அளவுகளை எழுதிவைத்த இந்த நோட்டுகள் மட்டுமே. எல்லாப் பக்கத்தின் தலைப்பிலும் ஒரு பிள்ளையார் சுழி, அதன் கீழ் இரண்டு கோடுகள், அதன் பக்கத்தில் 'முருகன் துணை'.

பெயரில்லாத அந்த நோட்டுகளை யாருடையவை என்று பிரித்துப் பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை. 'காலை', 'மாலை', 'துணை' என்று எழுதிய இடங்களில் எல்லாம் லையும் ணையும் பழைய வடிவத்தில், தலையில் யானைத் துதிக்கை வளைந்து நிற்க அமைந்திருந்தன. வீட்டில் வேறு எவரும் அப்படி எழுதியதில்லை. பெரியார் 1935 முதல் 'குடி அரசு' இதழில் புழங்கிய சீர்திருத்த எழுத்துகளைத் தமிழக அரசு 1978இல் ஏற்றுக்கொண்டபோது, ணா, றா, னா போன்றவற்றில் எழுத்தோடு சுழிந்து ஒட்டியிருந்த கால் தனியே பிரிந்து நின்றது. லை, ளை, ணை, னை ஆகியவற்றின் துதிக்கைகள் உதிர்ந்தன. ஐ, ஔ இரண்டும் தப்பிப் பிழைத்தன. நான் அப்போது நடுநிலைப் பள்ளி மாணவன். ஒரு கோடை விடுமுறைக்குப் பின் ஆசிரியர் இனி இப்படித்தான் எழுத வேண்டும் என்று சொல்ல, பிள்ளைகளாகிய நாங்கள் இரண்டே வாரங்களில் மாறிவிட்டோம். என் தாயாரிடம் எந்த ஆசிரியரும் வந்து சொல்லவில்லை.

அந்த எழுத்துகளை உங்களுக்குக் காட்டவும் வழியில்லை. இங்கே எப்படித் தட்டச்சு செய்தாலும் புதிய வடிவமே வந்து விழுகிறது. பெயரைப் பார்க்காமல், எழுத்தையோ கோட்டையோ மட்டும் பார்த்து, இது இன்னாருடைய கை என்று நீங்கள் அறிந்துகொண்ட தருணம் உங்களுக்கும் நேர்ந்திருந்தால், அல்லது உங்களைப் பிறர் அவ்வாறு அறிந்துகொண்டிருந்தால், விரிவாக எழுத வேண்டுகிறேன்.

மன்னார்குடி மருமகள்

ஐயா, எழுத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஏதுமில்லை. கோலத்தைப் பற்றிச் சொல்லலாமா என்று தயங்கித்தான் எழுதுகிறேன். நான் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து மன்னார்குடிக்கு வாழ்க்கைப்பட்டவள். என் மாமியார், அதாவது அத்தை, சிக்குக் கோலத்தில் கைதேர்ந்தவர். வாசலில் உட்காராமல், முழங்காலை மடக்காமல், இடுப்பிலிருந்து மட்டும் குனிந்து, பதினைந்து புள்ளி இடைப்புள்ளிக் கோலத்தை நான் காப்பி போட்டு முடிப்பதற்குள் போட்டு நிமிர்ந்துவிடுவார்.

அவருக்குக் கண்ணில் புரை அறுவை நடந்த மாதத்தில் வாசல் என் பொறுப்பாயிற்று. அவருடைய கோல நோட்டைப் பார்த்து, அதே புள்ளிகளை வைத்து, அதே சிக்கை, ஓர் இழைகூடப் பிசகாமல் இழுத்தேன். நான் எழுந்து நிற்கும்போதே கூடையை இறக்கிய கீரைக்கார அம்மா, கோலத்தைப் பார்த்தபடியே, "பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். எனக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது. எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள் என்று விடாமல் கேட்டதற்கு அவர் காட்டிய இடத்தை நான் அதுவரை கவனித்ததே இல்லை. சிக்குக் கோலத்தில் இழை புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சேர வேண்டும். அத்தை சேர்க்கும் இடத்தில் மாவு சற்று ஏறி, அரிசிமணி அளவுக்கு ஒரு முடிச்சு தெரியும். கட்டைவிரலை அங்கே ஒரு கணம் தளர்த்துவார் போலிருக்கிறது. நானோ, கோடு மொத்தமாகிவிடுமோ என்ற அச்சத்தில், ஒரு மயிரிழை இடைவெளி விட்டே நிறுத்துகிறேன். புள்ளியும் சிக்கும் ஒன்றாக இருந்தும் வாசல் வேறாகிவிட்டது.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் சகாக்களோடு சேர்ந்து 1970களில் கோலங்களைக் கணினி மொழிகளுக்குரிய இலக்கண விதிகளாக எழுதிக் காட்டினார்கள் என்று பின்னாளில் என் மகள் எனக்கு விளக்கினாள். ஒரு சிறு கோலத்திலிருந்து பெரிய கோலம் எப்படி வளர்கிறது என்பதைச் சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியே சொல்லிவிட முடியுமாம். மிக உண்மை, நோட்டில் இருப்பது அந்த விதிதான், அதை நானும் பிழையின்றிக் கற்றேன். ஆனால் கீரைக்கார அம்மா பார்த்தது அந்த முடிச்சை.

அத்தை குணமாகி வந்த பிறகு இதைச் சொன்னேன். "அது என் தப்பு. என் அம்மா அதுக்காகக் கையிலேயே அடிப்பாங்க" என்றார்.

தூரிகைத் தொழிலாளி

திருமங்கலம் பகுதியில் பதினெட்டு ஆண்டுகள் பெயர்ப்பலகை எழுதியவன் நான். இப்போது வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறேன். ஃபிளெக்ஸ் வந்த கதையை அனைவரும் அறிவீர்கள். அதை மீண்டும் இங்கே அழுது தீர்க்கப் போவதில்லை.

எங்கள் தொழிலில் பலகையின் வலது கீழ்மூலையில் சிறியதாக 'இன்னார் ஆர்ட்ஸ்' என்று எழுதுவது மரபு. உண்மையில் அதைப் பார்த்து ஆளை அறிந்தவர்கள் வாடிக்கையாளர்கள் மட்டுமே. எங்களுக்குள் ஒரு 'ழ' போதும். என் குருநாதர், ஊரில் அனைவருக்கும் அண்ணாச்சி, நூலில் சாக்பீஸ் பொடியைத் தடவிச் சுண்டிக் கோடு போட்டு, இடக்கையில் பிடித்த குச்சியின் மேல் வலது மணிக்கட்டைத் தாங்கி எழுதுவார். 'ழ'வின் கீழ் வளைவை முடிக்கும் இடத்தில் தூரிகையை அழுத்தி நிறுத்தமாட்டார். மெல்ல உயர்த்தி, எலிவால் போல மெலிந்து காற்றில் கரைய விடுவார். மதுரைச் சாலையில் பேருந்தில் போகும்போது அந்த எலிவால்களை எண்ணிக்கொண்டே போவேன்.

இளவயதில் எனக்கு வேறொரு பித்து இருந்தது. ஓவியர் கே.எம். ஆதிமூலம் காந்தியை வரைந்த கோட்டோவியங்களையும், சிறுபத்திரிகைகளுக்கும் நூல் அட்டைகளுக்கும் அவர் எழுதிக்கொடுத்த தலைப்பு எழுத்துகளையும் நூலகத்தில் பார்த்துவிட்டு, அந்தச் சொரசொரப்பான, உடைந்த, வேகமான எழுத்தை ஓர் இரும்புக்கடைப் பலகையில் முயன்றேன். அண்ணாச்சி வந்து பார்த்தார். "இது அவரோட கையில் நிக்குது, உன் கையில் வழுக்குது. அதோட கடைக்காரருக்கு ஆணி விக்கணும்" என்று சொல்லி, டர்பன்டைன் துணியால் அவரே துடைத்துவிட்டார். அன்று அழுகை வந்தது. அவர் சொன்னதில் முதல் பாதி சரி என்றும், இரண்டாம் பாதி சரியில்லை என்றும் இன்று நினைக்கிறேன். ஆணி விற்கும் கடைக்கும் ஓர் அழகான எழுத்தால் நட்டம் வந்துவிடாது.

இனி, நான் சொல்ல வந்தது. சென்ற ஆண்டு ஒரு பழக்கடைக்காரர், தகப்பனார் காலத்துத் தகரப் பலகையைக் கழற்றி வைத்திருப்பதாகவும், ஃபிளெக்ஸ் இரண்டு முறை கிழிந்துவிட்டதால் அதையே எழுதித் தரும்படியும் கேட்டார். வெயிலில் நிறம் முற்றிலும் போயிருந்தது. சாம்பல் நிறத் தகரம், அவ்வளவுதான். உப்புத்தாளைக் கையில் எடுப்பதற்கு முன், தூசியைத் துடைக்கத் தடவியபோது, விரலுக்கடியில் எழுத்து தட்டுப்பட்டது. எனாமல் பெயின்ட் பூச்சுக்கு ஓர் உயரம் உண்டு. நிறம் வெளுத்தாலும் அந்த விளிம்பு எளிதில் தேய்ந்துவிடாது. கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். ப. அடுத்து ழ. கீழ் வளைவு முடியும் இடத்தில் விளிம்பு மெலிந்து மெலிந்து விரலிலிருந்து நழுவிப்போனது.

உப்புத்தாளை வைத்துவிட்டு, அந்த விளிம்பைப் பிடித்தபடியே மேலே எழுதினேன். பலகையை மாட்டிய அன்று எதிரிலிருந்த ஆட்டோக்காரர், "பழைய போர்டை எங்கே தேடிப் பிடிச்சீங்க?" என்று கேட்டார். நான் எழுதியது என்று சொல்லவில்லை. மூலையில் பெயரும் போடவில்லை.

வடமராட்சி

தமிழக அரசின் அந்த எழுத்து மாற்றம் இலங்கையிலிருக்கும் எங்கள் ஊருக்குப் பொருந்தாது என்பதால், 1980களின் நடுவிலும் எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் கரும்பலகையில் துதிக்கை வைத்த லையே எழுதினார். கனடாவுக்கு வந்த பின் அம்மா அனுப்பிய ஏரோகிராம்களை நான் பெயர் பாராமலே பிரித்தெடுப்பேன். இடம் போதாமல் நாலு ஓரங்களிலும் தாளைச் சுற்றிச் சுற்றி எழுதும் பழக்கம் அவவுக்கு மட்டுந்தான் இருந்தது, கடைசி வசனம் எப்போதும் முத்திரைக்குப் பக்கத்தில் தலைகீழாக நிற்கும். இங்கே தமிழ்ப் பாடசாலைக்குப் போகும் என் மகள் அவற்றில் ஒன்றைப் பார்த்துவிட்டு, அப்பம்மாவுக்கு லை எழுதத் தெரியாதா என்று கேட்டாள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை

தொடக்கப் பள்ளியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் எழுத்துக் கற்பித்தவள் நான். இங்கே அனைவரும் கையெழுத்து ஆளைக் காட்டிக்கொடுத்த கதையைச் சொல்கிறீர்கள். என் கையெழுத்து என்னைக் கைவிட்ட கதையைச் சொல்கிறேன். கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இராது என்று சொல்வார்களே, அந்தப் பழமொழியைச் சொல்லியே சக ஆசிரியைகள் என்னைக் கேலி செய்வார்கள்.

மூன்று ஆண்டுகளாக வலக்கையில் நடுக்கம். ஓய்வூதியக் கணக்கு இருக்கும் வங்கியில் ஒரு நாள், என் கையொப்பம் அவர்களிடமுள்ள மாதிரியோடு பொருந்தவில்லை என்று படிவத்தைத் திருப்பித் தந்தார்கள். அங்கிருந்த அலுவலர் மரியாதையானவர்தான். திரையைத் திருப்பி, பழைய கையொப்பத்தைக் காட்டி, "அம்மா, இதே மாதிரி போட்டுவிடுங்கள்" என்றார். முன்னெழுத்தையும் பெயரையும் தமிழில், கடைசி 'ம்' புள்ளியை ஒரு சிறு வட்டமாகச் சுழித்துப் போட்டிருந்த அந்தக் கையொப்பத்தை நான் ஓர் அந்நியருடையதைப் போலப் பார்த்தேன். ஒரு தாளில் ஏழெட்டு முறை போட்டுப் பார்த்தேன். என் கையெழுத்தை நானே கள்ளக் கையெழுத்துப் போட முயன்று தோற்றேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

முடிவில் பெருவிரல் ரேகை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். துடைக்கத் துணி கேட்பதற்குள் என் கை தானாகவே தலைக்குப் போய், மையை மயிரில் தேய்த்துவிட்டது. பிள்ளைகளைச் சேர்க்க வரும் தாய்மார்கள் பலர், பள்ளிப் பதிவேட்டில் ரேகை வைத்துவிட்டு அப்படித்தான் துடைத்துக்கொள்வார்கள். நான் அவர்களிடம், "அடுத்த முறை வரும்போது கையெழுத்துப் போடப் பழகிக்கொண்டு வாருங்கள்" என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் சொல்லியிருக்கிறேன்.

கோடும் குழப்பமும்

ஆசிரியை அம்மாவின் பதிவுக்குப் பிறகு என் கதை சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கையடக்கத் திரையில் வரைபவன். மென்பொருளில் கைநடுக்கத்தைச் சமன்செய்து கோட்டை வழவழப்பாக்கும் வசதி ஒன்று உண்டு. அதை முழு அளவில் வைத்தே ஆறு ஆண்டுகள் ஜப்பானிய மங்கா பாணியில் வரைந்துகொண்டிருந்தேன். தனிப்பாணி வேண்டும் என்று தேடித் தேடிப் பிறருடைய பாணிகளையே சேகரித்தேன்.

கல்லூரி விழாவுக்குப் பெயரில்லாமல் ஒரு படம் அனுப்பியிருந்தேன். நண்பன் பார்த்தவுடன் அது என்னுடையது என்றான். எப்படி என்றால், "உன் படத்தில் எல்லாரும் பாக்கெட்டுக்குள்ளேயே கையை விட்டுக்கிட்டு நிக்கிறாங்க" என்றான். எனக்கு விரல்கள் வரைய வராது என்பதை நான் மறைத்த விதமே என் முத்திரையாகிவிட்டிருக்கிறது. இத்திரியின் தலைப்பு 'கையைப் பார்த்தே' என்றிருப்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அதன்பின் அப்பாவோடு ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போயிருந்தேன். 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் தாங்களே நிலம் வாங்கி, பாட்டிக் துணிகள் போன்ற கைவினைப் பொருட்களை விற்றுப் பிழைத்தபடி உருவாக்கிய இடம் அது. பணிக்கர் 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைப் பற்றி வழியெல்லாம் அப்பாவுக்கு விளக்கிக்கொண்டே போனேன்: கட்டங்கள், எண்கள், மலையாள எழுத்தைப் போலத் தோன்றினாலும் எந்தச் சொல்லாகவும் கூடாத வரிகள். பேருந்து நடத்துநராக இருந்தவர் அப்பா. கைபேசியில் ஒரு படத்தைக் காட்டியதும் நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஜாதகம் எழுத ஆரம்பிச்சுப் பாதியில் விட்டுட்டாரு" என்றார். அந்த வரிசைக்கு ஜாதகக் கட்டங்களும் ஒரு தூண்டுதல் என்பதை நான் அவருக்கு அதுவரை சொல்லியிருக்கவில்லை.

சமன்செய்யும் வசதியை இப்போது அணைத்துவிட்டேன். கோடு கோணலாகத்தான் வருகிறது. பாதி நாட்கள் பிடிக்கவில்லை.

பழைய பதிவறை

அனைவருக்கும் நன்றி. மன்னார்குடி அம்மையார் சொன்ன முடிச்சைப் படித்த பிறகு, நோட்டுகளை மறுபடியும் எடுத்து, இம்முறை வாசிக்காமல் கோடுகளை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். 1994ஆம் ஆண்டு நோட்டில், என் மகன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஜூன் மாதத்துப் பக்கத்தின் பின்புறம், இத்தனை நாளும் நான் கவனிக்காத ஒரு வரிசை இருக்கிறது. புதிய வடிவ 'லை', பென்சிலில், பதினொரு முறை. முதல் நான்கும் கோணல். ஏழாவதிலிருந்து நன்றாகவே வந்திருக்கிறது. பேரனுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காகப் பழகியிருக்க வேண்டும்.

அடுத்த நாள் பால் கணக்கில், 'காலை அரை, மாலை கால்' என்ற வரியில், இரண்டு துதிக்கைகளும் பழையபடியே இருக்கின்றன.