பல்செட்டு துண்டறிக்கைக்கு ஒரு சொல் வேணும், வியாழனுக்குள்ள

ரங்கூன் தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழமை கோயில் மண்டபத்துல பெரியவங்களுக்குப் பல் முகாம், வியாழக்கிழமை நோட்டீஸ் அச்சுக்குப் போகணும். டாக்டர் பர்மியத்துல எழுதிக் கொடுத்ததுல ஒரு இடத்துல நிக்கிறேன். பல்லைப் பிடுங்கினா வேரைச் சுத்தி இருக்கற சவ்வும் போயிடுது, கடிக்கறது எவ்வளவு கெட்டி எவ்வளவு தடிமன்னு மூளைக்குச் சொல்றது அந்தச் சவ்வு நரம்புதான், சொந்தப் பல்லு நடுவுல சுமார் 20 மைக்ரான் (மில்லிமீட்டர்ல அம்பதுல ஒரு பங்கு) தகடு வெச்சாலே தெரிஞ்சிடும், பல்செட்டுக்கு அதைவிடப் பல மடங்கு வேணும்ங்கறார். இந்த உணர்வுக்கு என்ன சொல்? ‘சுவை’ன்னு போட முடியாது, சுவைமொட்டு பெரும்பாலும் நாக்குல, அதைப் பல்செட்டு மூடறதில்ல.

மோல்மேன் ஐயா:
புதுசா ஏன் தேடணும்? ‘சுவைஒளி ஊறுஓசை நாற்றம்’னு குறள் 27 கொடுத்து வெச்சிருக்கே. ஊறுன்னா தொடுபுலன். வாய் + ஊறு = வாயூறு. வாய் நெடில், ஒற்று இரட்டிக்காது, ‘வாய்யூறு’ன்னு யாரும் அடிச்சிடாதீங்க.

தட்டோன் அக்கா:
ஐயா கோவிச்சுக்காதீங்க, வாயூறுன்னா எங்க தெருவுல மாங்காயைப் பாத்து எச்சி விடறது. பிரஷர் மாத்திரையில வாய் காயும், எச்சி இல்லன்னா சுவை கரையாதுன்னு அதே நோட்டீஸ்லதான் வரப்போகுது, மேல வறட்சி கீழ வாயூறா? ‘உடம்புக்கு ஊறு’ன்னா கெடுதல் வேற. எங்கம்மா பல்செட்டு போட்டதுலேர்ந்து லபெத் (ஊறவெச்ச தேயிலையில வறுத்த பருப்பு, எள்ளு கலந்த பர்மியத் தீனி) தொடறதில்ல. வறுத்த பருப்பு மொறுமொறுங்கறது காதுக்குக் கேக்குது வாய்க்குத் தெரியலங்கறாங்க, எள்ளு ஒண்ணு பல்செட்டுத் தகட்டுக்கடியில போயிடுச்சுன்னா அன்னிக்கு வீடு ரெண்டுதான். அவங்க கேக்கறது பதம். ‘வாய்ப்பதம்’னு போடுங்க.

மோல்மேன் ஐயா:
பதம் சோத்தோட குணம்மா, அதை அறியற புலன் இல்ல. தொல்காப்பியம் ஓரறிவு உயிருக்கு ‘உற்றறிவது’ன்னு சொல்லிட்டு அப்புறந்தான் நாக்குக்கு வருது. உறு, ஊறு, உறுப்பு, உறவு எல்லாம் ஒரே குடும்பம். உறைப்பும் அதுலதான்னு என் கட்சி, மிளகாய் சுடறதைச் சொல்றதும் சுவைநரம்பு இல்ல, சூட்டையும் வலியையும் சொல்ற நரம்பு.

பெகு வாத்தியார்:
அப்ப அறுசுவையில கார்ப்பு என்னாகறது ஐயா? சரி, அது வேற நாள். 1960கள்ல தனியார் பள்ளியை எல்லாம் அரசு எடுத்துக்கிட்டதுக்கப்புறம் இங்க பர்மாவுல தமிழ் வாரக்கடைசி வகுப்புலதான் ஓடுது. தாத்தாவுக்கு இந்த நோட்டீஸை எழுத்துக் கூட்டிப் படிச்சுக் காட்டப்போறது என் வகுப்புப் பசங்க. ‘கடியுணர்வு’ போதும், கேட்டதும் புரியும்.

தட்டோன் அக்கா:
கடி சரி, ஆனா மேல்தகடு அண்ணத்தை மூடறதால டீயோட சூடு தெரியாம அப்படியே விழுங்கித் தொண்டையைச் சுட்டுக்கறாங்களே, அது கடியா?

மோல்மேன் ஐயா:
அப்படிக் கேளு. அதோட நன்னூல் ‘கடி’க்கு 13 பொருள் அடுக்குது, பல்லால கடிக்கறது அதுல இல்ல.

பெகு வாத்தியார்:
அது உரிச்சொல் ஐயா, இது வினை. உங்களுக்கே தெரியும்.

ரங்கூன் தம்பி:
அச்சகத்துல ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்க. பல்லுக்கு ‘கடியுணர்வு’ன்னு போட்டுட்டு, சூட்டுக்கு ‘டீயை உதட்டுல வெச்சுப் பாத்துக் குடிங்க’ன்னு தனி வரியா எழுதிடறேன். அக்கா அரைமனசா சரின்னுட்டாங்க, வாத்தியாருக்கு முழுச்சம்மதம்.

மோல்மேன் ஐயா:
பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள பொடி எழுத்துலயாவது ‘வாயூறு’ன்னு போடு தம்பி.

ரங்கூன் தம்பி:
பொடி எழுத்து அவங்க கண்ணுக்குத் தெரியாது ஐயா. அந்த இடத்துல முகாம் நேரம் வருது.