மைதிலியின் ஸ்கேன் முடிவு: குடும்பக் குழுவில் ஒரு மாலை

சரோஜா: மைதிலியின் மூளைக்குள் ஊசி மருந்து கசிந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அளவுக்கு மீறி ஏற்றிவிட்டார்களா?

செந்தில்: இல்லை, சித்தி. கசிவு ஏற்கெனவே இருந்தது; ஸ்கேனுக்காக ஊசியில் ஏற்றிய கடோலினியம் அதைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் உட்சுவர்ச் செல்கள் இறுகப் பிணைந்திருப்பதால், அந்த மருந்து சாதாரணமாக மூளைத் திசுவுக்குள் இறங்காது. உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே மூளை நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில், தூண்டப்பட்ட டி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் அந்தச் சுவரின் ஒட்டுப்புரதங்களைப் பற்றிக்கொண்டு, அடிச்சவ்வை நொதிகளால் அரித்து உள்ளே நுழைகின்றன. பிணைப்புகளும் தளர்வதால் கடோலினியம் இறங்கி, ஸ்கேனில் வெள்ளையாக ஒளிர்கிறது.

சங்கரன்: பாகப்பிரிவினைப் பத்திரத்தை உன் அப்பா விளக்கியதும் இப்படித்தான் இருந்தது.

விஜயா: என் அண்ணனை இதில் இழுக்காதீர்கள். செந்தில், இது கட்டி இல்லைதானே?

செந்தில்: இல்லை, அத்தை. சில கட்டிகளும் ஒளிரும் என்பது உண்மைதான். ஆனால் இந்த நோயால் வரும் புதிய புண் பெரும்பாலும் சில வாரங்களே ஒளிரும், சுவர் அடைபட்டதும் நின்றுவிடும். மைதிலியின் ஸ்கேனில் ஒளிரும் புண்ணும் ஒளிராத பழைய புண்களும் சேர்ந்தே இருப்பதால், நோய் வெவ்வேறு காலங்களில் தாக்கியிருப்பது தெரிகிறது.

மைதிலி: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

பாலு: ஸ்டீராய்டு வேண்டாம், எலும்பு தேய்ந்துவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

செந்தில்: மாதக்கணக்கில் தொடர்ந்தால் அந்தக் கவலை நியாயமானது, சித்தப்பா. இங்கே மீதைல்பிரெட்னிசலோனை நாளுக்கு 1 கிராம் வீதம் 3 முதல் 5 நாட்கள்தான் ஏற்றுவார்கள். அது கசிவை விரைவில் அடைக்குமே தவிர, நரம்பைச் சுற்றியிருந்து சிதைந்த மயலின் உறையைத் திரும்பக் கட்டாது. அடுத்த தாக்குதலைத் தடுக்க வேறு மருந்து தேவை. நடாலிசுமாப் என்ற மருந்து, டி செல்களைச் சுவரில் ஒட்டவிடாமலே தடுத்துவிடும். ஆனால் மூளையின் காவலும் குறைவதால் பலரின் உடலில் அடங்கிக் கிடக்கும் ஜே.சி. வைரஸ் அங்கே தலைதூக்கி, கடுமையான மூளைத் தொற்றை உண்டாக்கக்கூடும். அதனால்தான் 2005-இல் அமெரிக்காவில் விற்பனையை நிறுத்தி, கண்காணிப்பு நிபந்தனைகளோடு 2006-இல் மீண்டும் அனுமதித்தார்கள்.

சரோஜா: அப்படியானால் கிருத்திகாவின் வளைகாப்பைத் தள்ளிவைப்பதா?

மைதிலி: தள்ளிவைக்க வேண்டாம், அத்தை. ஜே.சி. வைரஸ் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்திருக்கிறேன். முடிவு வரும்வரை எனக்காக யாரும் மருந்து தேர்ந்தெடுக்க வேண்டாம்.

விஜயா: ஸ்டீராய்டு ஏற்றும் நாட்களில் இரவு யார் துணைக்கு இருப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.

சங்கரன்: நான் இருக்கிறேன். செந்தில் பகலில் மட்டும் வரட்டும்.

பாலு: அந்த வீடியோவை எதற்கும் அனுப்பிவைக்கிறேன்.